எரிபொருள் எடுத்தது போக மிஞ்சியது: கொங்கு மண்ணில் ஸ்லரி, பிரஸ்மட், புண்ணாக்கு, கரி இடும் முறை

எரு என்று சொல்லி இன்றைக்குக் காட்டுக்கு வரும் லோடுகளில் பல, வேறெங்கோ எரிபொருள் எடுத்த பிறகு மிஞ்சியவை. கோபர் கேஸ் கலனிலிருந்து வழியும் சாணக் கரைசலான ஸ்லரி, சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் என்னும் கசடு, எத்தனால் ஆலையின் கழிவுநீர், அதை எரித்த சாம்பல், புங்கனும் காட்டாமணக்கும் ஆட்டிய புண்ணாக்கு, தேங்காய்த் தொட்டியிலிருந்து வாயு எடுக்கும் உலையில் தங்கும் கரி, நாமக்கல் பக்கம் கோழி எச்சத்தில் கேஸ் பிடித்த பின் வரும் கசடு என்று பட்டியல் நீளும். 2018-ல் மத்திய அரசு அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023-ல் இந்த ஆலைகளின் நொதித்த எருவுக்கு டன்னுக்கு 1500 ரூபாய் சந்தை உதவித்தொகை அறிவித்தது. 2025-க்குள் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையும் வந்துவிட்டது. எரிபொருள் கூடக் கூட மிச்சமும் கூடும், அந்த மிச்சம் நம் காட்டைத் தேடித்தான் வரும்.

என்னிடம் கேட்பவர்கள் எல்லாவற்றையும் 'ஆலைக் கழிவு' என்ற ஒரே பேரில் கேட்கிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான். கேஸ் எடுத்தால் சாணத்தில் சுலபமாக மக்கும் கரிமம் (கார்பன்) போய்விடுகிறது, தழைச்சத்து (நைட்ரஜன்) அப்படியே தங்குகிறது. எத்தனால் வடித்தால் சர்க்கரை போகிறது, சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) உப்பும் தங்குகின்றன. எண்ணெய் ஆட்டினால் கொழுப்பு போகிறது, புரதம் தங்குகிறது. உலையில் வாயு எடுத்தால் சூட்டில் வாயுவாகக்கூடியது எல்லாம் போய் எளிதில் மக்காத கரி தங்குகிறது. ஆகவே எந்த லோடு வந்தாலும் முதல் கேள்வி, இதிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள் என்பதுதான். இரண்டாவது கேள்வி, அது என் மண்ணில் ஏற்கெனவே குறைவாக உள்ள பொருளா என்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் வேலைகள்.

படி 1: லோடு சொல்வதற்கு முன் மண்ணைப் பாருங்கள்

கொங்கு மண் ஒரே மண் அல்ல. காங்கேயம், தாராபுரம் பக்கம் சரளை கலந்த செவக்காடு, தண்ணீர் நிற்காது. பொள்ளாச்சி, உடுமலை, கோவை கிழக்குப் பகுதிகளில் கரிசல் பட்டைகள், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டிலும் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். இதுதான் மிக முக்கியம். சுண்ணாம்பு மண்ணின் கார அமில நிலை (pH) பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பூட்டிக்கொள்ளும், இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காது. நிலக்கடலையும் கரும்பும் குருத்தில் வெளுப்பது இதனால்தான். மலைப்பக்கத்துப் புளிப்பு மண்ணுக்கு நல்ல மருந்தாகும் சாம்பலும் கரியும் நம் சுண்ணாம்புக் காட்டில் நோயைக் கூட்டிவிடும்.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. உலர்ந்த மண்ணை ஒரு சிட்டிகை தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ நான்கு சொட்டு விடுங்கள். காதருகே பிடித்தால் சொரசொரவென்று நுரைக்கும் சத்தம் கேட்டால் சுண்ணாம்பு இருக்கிறது. மேல் மண்ணில் நுரைக்காமல் ஓரடி ஆழத்து மண்ணில் நுரைத்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு முறையான மண் மாதிரி. ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில், மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்துப்போல் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, ஒரு பக்கச் சுவரை மேலிருந்து கீழாக அரை அங்குலக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி, பட்டி போட்ட இடம் இவற்றை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டு வந்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். தென்னந்தோப்பு என்றால் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனி மாதிரி வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துவிடுங்கள். தண்ணீரின் உப்பு தெரியாமல் உப்புள்ள எருவை அளவிட முடியாது.

பரிசோதனை முடிவு வரும் அட்டையில் நான் முதலில் பார்ப்பது நான்கு எண்களை. கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்ல நிலை. மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உப்பு எச்சரிக்கை. மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேலும் சாம்பல் சத்து 280 கிலோவுக்கு மேலும் இருந்தால் அவை ஏற்கெனவே தாராளமாக உள்ளன என்று பொருள். பல வருடம் கோழி எரு போட்ட தோட்டங்களில் மணிச்சத்து இந்த அளவைத் தாண்டி நிற்பதைப் பார்க்கலாம்.

படி 2: வந்திருப்பது என்ன என்று கேளுங்கள்

கோபர் கேஸ் ஸ்லரி எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அதன் கணக்கு சுத்தமானது. 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும், நான்கைந்து மாடுகளின் சாணம். நம் வெப்பத்தில் 30 முதல் 40 நாள் உள்ளே இருந்து வெளியே வரும். சாணத்தின் உலர் பொருளில் கால் பங்குக்குச் சற்று மேல் வாயுவாகிப் போகிறது. தழைச்சத்து போவதில்லை, அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாக மாறிக் கரைசலில் நிற்கிறது. பயிர் அதை உடனே எடுக்கும், வெயில் அதைவிட வேகமாக எடுத்துக்கொண்டு போய்விடும். ஸ்லரியை வாசலில் பரப்பிக் காய வைத்து, பிறகு கூடையில் அள்ளிக் காட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் அதன் உயிரை விட்டுவிட்டு உடம்பைக் கொண்டு போகிறார்கள். புது சாணத்தில் தழைச்சத்து 0.3 முதல் 0.4 சதவீதம் என்று வைத்தால் இந்தச் சின்னக் கலன் ஆண்டுக்கு 55 முதல் 73 கிலோ தழைச்சத்தைக் கையாள்கிறது. யூரியா மூட்டைக் கணக்கில், 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்றரை மூட்டை. கட்டுத்தறியிலேயே கிடைக்கும் இதை வெயிலுக்குக் கொடுப்பது வேதனையான விஷயம்.

பிரஸ்மட் என்பது கரும்புச் சாற்றைத் தெளியவைக்கும்போது வடிகட்டியில் தங்கும் கசடு. அரைக்கும் கரும்பில் 3 முதல் 4 சதவீதம் இப்படி வரும். கந்தகப் புகை காட்டிச் சாற்றைத் தெளிய வைக்கும் ஆலையின் கசடில் கந்தகமும் மணிச்சத்தும் இருக்கும், நம் கார மண்ணுக்கு ஏற்றது. கரியமிலவாயு முறையில் தெளிய வைத்தால் கசடு முழுக்கச் சுண்ணாம்பு, நமக்கு வேண்டாம். எந்த முறை என்று ஆலையின் கரும்பு அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். இன்னொன்று, இதில் மெழுகு உண்டு. மெழுகு தண்ணீரை விலக்கும், மக்கத் தாமதிக்கும். ஆலையிலிருந்து வரும் ஈர பிரஸ்மட்டில் முக்கால் பங்கு வரை தண்ணீர்தான். 10 டன் லோடு என்று பணம் கொடுத்தால் காட்டில் இறங்கும் சரக்கு 3 டன் சுமார். இப்போது பல இடங்களில் பிரஸ்மட்டிலிருந்தே கேஸ் எடுத்த பிறகு மிச்சத்தை எருவாக விற்கிறார்கள். அது பக்குவமாக இருந்தால் பச்சைப் பிரஸ்மட்டைவிடப் பாதுகாப்பானது.

எத்தனால் ஆலையின் கழிவுநீரைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். ஒரு லிட்டர் சாராயத்துக்கு 10 முதல் 15 லிட்டர் கழிவுநீர் வரும். கறுப்பு நிறம், புளிப்பு, தாங்க முடியாத வாடை, கடும் உப்பு. சாம்பல் சத்து சுமார் 1 சதவீதம் என்பதால் ஒரு லட்சம் லிட்டர் பாய்ச்சினால் ஏறக்குறைய ஒரு டன் சாம்பல் சத்து ஒரே இடத்தில் இறங்கும், எந்தப் பயிருக்கும் அவ்வளவு வேண்டாம். டேங்கரில் இலவசமாகக் கொண்டு வந்து ஊற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைப் பிரஸ்மட்டில் தெளித்து மக்கவைத்த கம்போஸ்ட், சோதனைச் சான்றுடன் வந்தால் வாங்கலாம். எரித்த சாம்பல் 'மொலாசஸ் பொட்டாஷ்' என்ற பெயரில் 14.5 சதவீதச் சாம்பல் சத்துடன் விற்பனைக்கு உள்ளது. அதை உரமாகவே கணக்கிட வேண்டும். மண் வளம் கூட்டும் பொருளாக நினைக்கக் கூடாது, கரிமம் துளியும் அதில் இல்லை.

புண்ணாக்குகளில் தழைச்சத்து நிறைய. வேம்பில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல், புங்கனில் 4 சதவீதம் சுமார். புங்கனில் உள்ள கரஞ்சின் என்னும் பொருள் மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும், ஆகவே தழைச்சத்து மெதுவாகக் கிடைக்கும். சரளைக் காட்டில் இது பெரிய உதவி. காட்டாமணக்கு வேறு கதை. 2000-களின் நடுவில் டீசல் கிடைக்கும் என்று தரிசு நிலங்களில் ஆசையாக நட்டார்கள், சொன்ன விளைச்சல் வரவில்லை. புண்ணாக்கு எங்கேனும் கிடைத்தால், அது விஷம் என்பதை மறக்காதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, கையுறை போட்டு அள்ள வேண்டும். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முளைப்பைக் கெடுக்கும்.

கரி நம் செவக்காட்டுச் சரளையில் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் வெறும் கரியை அப்படியே போட்டால் முதல் பட்டத்தில் தழைச்சத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். சுண்ணாம்புக் கரிசலில் அதன் காரம் வேண்டாத சுமை. கோழிக் கசடில் கவனம் வேண்டியது சுண்ணச்சத்து. முட்டைக் கோழித் தீவனத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் கால்சியம் இருப்பதால், முட்டை ஓட்டுக்குப் போனது போக எச்சத்தில் வந்தது கேஸ் எடுத்த பிறகும் எருவில் தங்கும். மணிச்சத்தும் உப்பும் அப்படியே. மரவள்ளி ஆலைக் கழிவில் கேஸ் எடுத்த பின் வரும் கசடு சேலம், நாமக்கல் பக்கம் கிடைக்கும். சத்து குறைவு, அருகில் இருந்தால் எடுக்கலாம், லாரி வாடகை கொடுத்து வேண்டாம்.

படி 3: பயறை விட்டுக் கேளுங்கள்

ஒரு பங்கு கசடை 10 பங்கு தண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 25 பாசிப்பயறு. ஒன்றில் வடிநீர், மற்றொன்றில் நல்ல தண்ணீர். மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, வேரின் நீளத்தை அடிக்கோலால் அளந்து பாருங்கள். வடிநீர்த் தட்டில் வேர் குட்டையாக, நுனி பழுப்பேறி இருந்தால் அந்தச் சரக்கு இன்னும் வேகவில்லை அல்லது உப்பு மிகுந்தது. தண்ணீர்த் தட்டின் வேரில் பத்தில் எட்டுப் பங்கு நீளமாவது வந்தால் நான் எடுத்துக்கொள்வேன். மூன்று நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மூன்று ஏக்கரைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 4: பக்குவம்

இந்தப் படியில் நான் பட்டது சொல்லியாக வேண்டும். ஒரு வைகாசியில், ஒரு ஆலையிலிருந்து நான்கு லோடு பிரஸ்மட் வாங்கினேன். அப்போதே மஞ்சள் நடவு. மக்கிய சரக்கு என்றுதான் கொடுத்தவர்கள் சொன்னார்கள். பாரில், அதாவது நடவுக்காக மண் உயர்த்திய வரிசையில், பரப்பி, லேசாக மண் மூடி, விதைக் கிழங்கை ஊன்றினோம். மறுநாள் விடியலில் பாருக்குப் போனால், ஏரியோரப் பனிபோல வரிசை வரிசையாகப் பாரிலிருந்து ஆவி எழுகிறது. என் பெரியப்பா குனிந்து கையை மண்ணுக்குள் விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "கையை வெச்சுப் பாருங் கண்ணு, வெந்துட்டிருக்குது" என்றார். ஊன்றிய கிழங்கு ஒன்றை எடுத்துப் பார்த்தோம், முளைக்கண் இருந்த இடம் அவித்ததுபோல் மெத்தென்று அமுங்கியது. பாதிக்கு மேல் மறுபடி ஊன்ற வேண்டியதாயிற்று. அந்த வருடத்து விதைக் கிழங்குச் செலவு நினைவிருக்கும் வரை 'மக்கியது' என்ற வார்த்தையை யார் வாயால் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

ஆகவே பிரஸ்மட் வந்தால் தோட்டத்து ஓரத்தில் 3 மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்குக் குவியலாக நீளவாக்கில் கொட்டுங்கள். குவியலின் நடுவில் கரும்புச் சோகையோ தட்டோ ஒரு அடுக்கு. ஸ்லரியைக் கரைத்து மேலே தெளியுங்கள், நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஏறிக்கொள்ளும். உள்ளே ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் சரியாக வேகிறது. வாரம் ஒரு முறை புரட்ட வேண்டும். ஈரம் சரியா என்று அறிய, ஒரு கைப்பிடி பிழியுங்கள். இரண்டு சொட்டு வந்தால் போதும், வழிந்தால் அதிகம். புரட்டினாலும் கம்பி சூடேறாத நாள் வரும், அதற்கு 45 முதல் 60 நாள் ஆகும். அப்போது மெழுகு வாடை போய் மழைக்கு நனைந்த காட்டு மண் வாசம் வரும்.

ஸ்லரிக்குப் பக்குவம் என்பது வெயிலைத் தவிர்ப்பதுதான். இரண்டு குழிகள் தோண்டி, ஒன்றில் சோகை, மஞ்சள் தட்டு, தென்னை ஓலைத் துண்டு என்று காய்ந்த குப்பையை நிரப்பி அதன்மேல் ஸ்லரியை விடுங்கள். குப்பை அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும், ஸ்லரியில் குறைந்துபோன கரிமம் குப்பையிலிருந்து சேரும். ஒரு குழி நிறைந்தால் மற்றொன்று. மேலே ஓலைப் பந்தல் போட்டால் போதும். கரிக்கும் இதே குழிதான். கரியை நொறுக்கி, மூன்று நான்கு வாரம் ஸ்லரியில் ஊறவைத்துவிட்டால் வந்த பசி அங்கேயே அடங்கிவிடும்.

படி 5: அளவு

இங்கே நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், அதனால் கணக்கை விரித்துச் சொல்கிறேன். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மண்ணின் எடை சுமார் 900 டன். கரிமத்தை 0.4 சதவீதத்திலிருந்து 0.5-க்கு, அதாவது 0.1 மட்டும், ஏற்ற வேண்டும் என்றால் 900 கிலோ கரிமம் மண்ணில் நின்றிருக்க வேண்டும். காய்ந்த எரு ஒரு டன்னில் 300 கிலோ கரிமம் இருக்கலாம். நம் வெயிலில் அதில் பெரும்பங்கு ஓரிரு ஆண்டில் மூச்சாகிப் போய்விடும், ஐந்தில் ஒன்றோ மூன்றில் ஒன்றோதான் நிற்கும். அப்படியானால் அந்த 0.1-க்கு 9 முதல் 15 டன் வரை காய்ந்த எரு வேண்டும். ஒரே பட்டத்தில் மண்ணே மாறிவிடும் என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கோவையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் வேளாண் பல்கலைக்கழகத்தில் நூறாண்டைத் தாண்டி நடக்கிறது. ஒரே வயலில் ஒரே எருவைத் தலைமுறை கடந்து போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

ஆண்டு அளவாக நான் வைத்திருப்பது இது. குழியில் குப்பையோடு சேர்த்த ஸ்லரி எரு, பாசனத் தோட்டத்துக்கு ஏக்கருக்கு 4 டன், மானாவாரிக் காட்டுக்கு 2 டன். மக்கிய பிரஸ்மட் 2 முதல் 4 டன், களர் (சோடியம் மிகுந்த கார) நிலம் என்றால் மேல் அளவு, கூடவே ஜிப்சமும் தக்கைப்பூண்டும். புங்கன், வேப்பம் புண்ணாக்கு 100 கிலோ, பொடித்து, கடைசி உழவில். கோழிக் கசடு ஒரு டன்னுக்கு மேல் வேண்டாம், மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்திருந்தால் அதுவும் வேண்டாம். கரி முதல் வருடம் கால் ஏக்கரில் மட்டும்.

திரவ ஸ்லரியைப் பாசன வாய்க்கால் தலைப்பில் தண்ணீரோடு கலந்து விடுவது எளிது. மாலையில் விடுங்கள், ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர். சொட்டு நீர்க் குழாயில் விட்டால் அடைப்புதான், மெல்லிய வலை வழியே இரண்டு முறை வடித்தால் ஓரளவு தாங்கும். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இலைமேல் படும்படி விடவே கூடாது. கலனில் நோய்க்கிருமி குறையும், முழுக்கச் சாகாது.

ஸ்லரி இடுகிறவர்களுக்கு இன்னொரு சொல். சுலபமாக மக்கும் கரிமத்தை அடுப்புக்குக் கொடுத்துவிட்டோம். மண்ணில் உள்ள உயிர்களுக்கும் அதே கரிமம்தான் சாப்பாடு. அதைத் திருப்பிக் கொடுக்கச் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதை ஸ்லரியோடு சேர்த்தே செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தால் வரும் மண் ஒன்று மட்டும் இட்டால் வராது.

படி 6: ஒரு கீற்று விடுங்கள்

காடு முழுக்கப் போடாதீர்கள். நடுவில் நான்கு பார் அகலத்தில் ஒரு கீற்றுக்கு எதுவுமே போடாமல் விடுங்கள், மற்ற உழவு, தண்ணீர், விதை எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். மூலைக்கு மூலை கல் நட்டுவிடுங்கள், மழைக்கு அழியாத அடையாளம் வேண்டும். வரப்போரமாக விடக்கூடாது, அங்கே மரத்தின் வேரும் நிழலும் கணக்கைக் கெடுக்கும். இது இல்லாமல் போனால் மழை செய்ததை எல்லாம் எரு செய்தது என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

படி 7: மண்ணையே அளப்பது

ஆய்வக எண் மாறப் பல வருடம் ஆகும். ஆனால் மண்ணின் உடல் முதல் வருடமே பேசத் தொடங்கும்.

தண்ணீர் இறங்கும் வேகம்: 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, மரக்கட்டை வைத்துத் தட்டிப் பாதி ஆழத்துக்கு இறக்குங்கள். உள்ளே மண்மேல் ஒரு துண்டு பாலிதீனை விரித்து 450 மில்லி தண்ணீர் ஊற்றி, மெதுவாகப் பாலிதீனை உருவுங்கள். இது ஒரு அங்குல மழைக்குச் சமம். மறையும் வரை நேரம் பாருங்கள். அதே இடத்தில் இரண்டாம் முறை ஊற்றும்போது வரும் நேரத்தையே எழுதிக்கொள்ளுங்கள், முதல் முறை மண்ணின் வறட்சிதான் குடிக்கும். இட்ட பகுதியிலும் விட்ட கீற்றிலும் மும்மூன்று இடம்.

மண்கட்டி: நெல்லிக்காய் அளவு காய்ந்த கட்டி இரண்டை, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எடுத்து, கண்ணாடி டம்ளர்த் தண்ணீரில் கம்பி வலைமேல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் மாவாகக் கரைந்து கீழே இறங்கினால் மண்ணைக் கட்டி வைக்கும் பசை இல்லை. குமிழி விட்டுக்கொண்டு முழுதாக நின்றால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. டம்ளர் தண்ணீரே கலங்கி வெளுத்துத் தெளியாமல் நின்றால் சோடியம் இருக்கலாம், அந்த மண்ணுக்கு உப்புள்ள எந்தக் கசடும் போடக்கூடாது.

மூன்றாவது எனக்குப் பிரியமான சோதனை. திருப்பூர்க்காரர்களுக்கு இதில் செலவே இல்லை. சாயம் போடாத, முழுப் பருத்தி பனியன் துணியை உள்ளங்கை அகலச் சதுரங்களாக வெட்டி, சம எடையில் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு மண்வெட்டி ஆழத்தில் செங்குத்தாகப் புதையுங்கள். பக்கத்தில் ஒரு நைலான் கயிற்று அடையாளம். இரண்டு மாதம் கழித்து எடுத்து, மெதுவாகக் கழுவிக் காய வைத்துப் பாருங்கள். பருத்தி என்பது மண்ணில் உள்ள பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வெறும் கரிமச் சோறு. உயிருள்ள மண்ணில் துணி வலைபோல் ஓட்டை விழுந்து, பிடித்தால் நூல் நூலாகப் பிரியும். எங்கள் தோட்டத்தில் எதுவும் இடாத கீற்றில் எடுத்த துணி, அலசிப் போட்டால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. குழி எருவும் சணப்பும் சேர்ந்த பகுதித் துணியைத் தூக்கும்போதே, தையல் ஓரம் மட்டும் கையில் வந்தது, நடுத்துணி மண்ணாகிவிட்டது. தையல் நூல் பாலியஸ்டர் என்பதால் அது மட்டும் அப்படியே இருந்தது. வெறும் திரவ ஸ்லரி மட்டும் பாய்ச்சிய பாரில் எடுத்த துணி, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருந்தது. சுலபக் கரிமம் எங்கே போயிற்று என்று நான் மேலே சொன்னதை அந்த மூன்று துணிகளில் கண்ணால் பார்த்தேன்.

ஓரடிக்கு ஓரடி குழி வெட்டி மண்புழு எண்ணுவதும் நல்லதுதான், ஆனால் மழை பெய்து ஈரம் இருக்கும் நாளில் மட்டும்.

படி 8: நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

ஒவ்வொரு கோடை உழவுக்கு முன்னும், அதே மாதத்தில், அதே இடங்களில் மண் மாதிரி எடுங்கள். மின் கடத்துத்திறன் இரண்டு ஆண்டு தொடர்ந்து ஏறினால் நிறுத்துங்கள். நொய்யல் கரையில், திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் உள்ளவர்களைக் கேட்டால் உப்பேறிய மண் எத்தனை வருடத்தில் மீள்கிறது என்று சொல்வார்கள். சாம்பல் சத்து ஏறிக்கொண்டே போய், தென்னையிலோ வாழையிலோ மூத்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி நடுவில் பச்சை நின்றால், பொட்டாஷ் மக்னீசியத்தை விரட்டுகிறது என்று பொருள். அப்போது மேலும் ஆலைச் சாம்பலோ கம்போஸ்ட்டோ போட்டால் மஞ்சள் கூடத்தான் செய்யும். கிணற்றுத் தண்ணீரையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துவிடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்கத் தகாது, கைக்குழந்தை உள்ள வீட்டில் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. சரளை நிலத்தில் ஸ்லரிக் குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் முதலில் அந்தக் குழியை இடம் மாற்றுங்கள்.

எழுதி வைப்பதற்குத் தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, லோடு எங்கிருந்து வந்தது, எத்தனை டன், பயறு எத்தனை முளைத்தது, தண்ணீர் இறங்க எத்தனை நிமிடம். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த வைகாசி மஞ்சளின் தேதிதான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் பனியன் துணிச் சதுரத்தில் மிஞ்சிய தையல் ஓரத்தை ஊசி குத்தி ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற மாசியில் அடுத்த துண்டுகளை எடுக்க வேண்டும், கரி போட்ட கால் ஏக்கரில் புதைத்தவை.